தோட்டாவும் லோட்டாவும்

1857 என்றதும் நமக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம் ஒன்றே ஒன்றுதான். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா. அதைக் கடிக்க மறுத்த சிப்பாய். பாரக்பூரில் மார்ச் 29 அன்று துப்பாக்கி தூக்கிய மங்கள் பாண்டே. ஏப்ரல் 8 அன்று தூக்கு. பிறகு மீரட், டெல்லி, கான்பூர். அந்தத் தோட்டாவை உருட்டியது யார், காகிதத்தை வெட்டியது யார், மருந்தை அளந்து கொட்டியது யார், கொழுப்பைக் காய்ச்சி முக்கியது யார் என்று பள்ளிக்கூடத்திலும் கேட்கவில்லை, எம்.ஏ. வகுப்பிலும் கேட்கவில்லை. வாயால் கடித்தவனுக்கு வரலாறு இருக்கிறது. கையால் செய்தவனுக்கு இல்லை.

ஆனால் அந்தக் கை ஒரே ஒரு இடத்தில் வெள்ளைக்காரனின் காகிதத்தில் எட்டிப்பார்க்கிறது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம். அங்கே ஆயுதக்கிடங்கு இருந்தது. புதிய என்ஃபீல்டு துப்பாக்கியைச் சுடக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி முகாமும் அங்கேதான் இருந்தது. 1857 ஜனவரி 22 அன்று கேப்டன் ரைட் என்பவர் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கிடங்கில் வேலை பார்த்த கலாசி ஒருவன் ஒரு பிராமணச் சிப்பாயிடம் தண்ணீர் குடிக்க லோட்டாவைக் கேட்டிருக்கிறான். சிப்பாய் சாதியைச் சொல்லி மறுக்கிறான். அதற்குக் கலாசி, உன் சாதி இன்னும் எத்தனை நாளைக்கு, பசுவும் பன்றியும் உருக்கிய கொழுப்புத் தடவிய தோட்டாவைத்தானே கடிக்கப் போகிறாய் என்று கேட்டுவிட்டுப் போகிறான். இதுதான் கடிதத்தின் சாரம். சேதி முகாமெங்கும் பரவுகிறது. ஜெனரல் ஹியர்சே வரைக்கும் காகிதம் போகிறது. ஜனவரி முடிவதற்குள், கொழுப்புத் தடவாத தோட்டாவைக் கொடுங்கள், சிப்பாய்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே தடவிக்கொள்ளட்டும் என்று அரசாங்கம் உத்தரவே போடுகிறது.

கலாசி என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்தவர்கள் நம் காலனிகளில் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். பாரம் தூக்குவது, துடைப்பது, எண்ணெய் விடுவது, ஃபிட்டருக்குப் பின்னால் பெட்டி சுமப்பது. ஆங்கிலக் கடிதத்தில் கிளாஸி என்று இருக்கும் அந்த ஆளுக்குப் பெயர் கிடையாது. 

இந்தக் கதையை நான் எங்கள் பெரியப்பாவுக்குச் சொன்னேன். சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அவர் வடக்கே ஒரு அரசு தோட்டாத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருசம் வேலை பார்த்தவர். தொழிற்சாலையின் பெயர் இங்கே வேண்டாம். வேலூருக்குப் பக்கத்திலிருந்து தகரப் பெட்டியோடு ரயிலேறிப் போய் லேபரராகச் சேர்ந்து, மெஷின்காரராகி, ரிடையர் ஆகித் திரும்பி வந்தவர். எனக்குத் தோட்டாவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான். புத்தகத்தில் படித்ததைக்கூட அவர் வாயால் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

தோட்டா என்பது நான்கு சாமான். பித்தளைக் கூடு, அதைக் கேஸ் என்பார்கள். அடியில் கேப்பு, அதாவது அடிபட்டால் தீப்பொறி விடுகிற சின்ன மூடி. உள்ளே மருந்து. மேலே குண்டு. இந்த நான்கையும் ஒன்றாக்குவது பிரஸ். பெரியப்பா இருந்த செக்ஷனில் பெரிய மெஷின்கள் தவிர சோதனைக்காகச் சிறு கணக்கில் தோட்டா ஏற்றுகிற பிரஸ் ஒன்று இருந்தது. கைப்பிடியை இழுத்தால் அடித்தண்டு மேலே ஏறும். தண்டின் தலையில் வட்டமான ஒரு பிளேட். பிளேட்டின் ஓரத்தில் வெட்டி விட்ட பள்ளங்களில் கேஸின் விளிம்பு உட்காரும். மேலே வரிசையாக டை. ஒரு டை கேஸை இறுக்கி அளவுக்குக் கொண்டுவரும், ஒன்று வாயை லேசாக விரிக்கும், ஒன்று குண்டைச் செருகும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேட் ஒரு படி சுற்றும். வெளிநாட்டில், முக்கியமாக அமெரிக்காவில், சுட்டுப்போட்ட காலிக் கேஸ்களை எடுத்துவந்து வீட்டிலேயே இப்படிப்பட்ட பிரஸ்ஸில் மறுபடியும் தோட்டாவாக்குகிறார்களாம். அங்கே அது பொழுதுபோக்கு. நம் பெரியப்பாவுக்கு அது எட்டு மணி நேர ஷிப்டு.

'கேஸ் நேரா நின்னாத்தான் நைனா எல்லாம்' என்பார். 'ஒரு தலைமுடி அளவு கோணிச்சின்னா டையோட வாய்ல போய் முட்டும். பித்தளை இன்னா பண்ணும்? மடங்கும். கேஸு மடங்கிச்சின்னா நம்ம மேல கேஸு.'

அந்தக் கேஸைத்தான் இங்கே எழுத வேண்டும்.

எண்பதுகளில் ஒரு மழைக்காலம். பெரியப்பாவின் பிரஸ்ஸில் தொடர்ந்து கேஸ்களின் வாய் நசுங்கி வந்தது. நூற்றுக்கு நாலைந்து என்று ஆரம்பித்துப் பத்துப் பன்னிரண்டாகிவிட்டது. தோட்டா ஏற்றுகிற இடத்தில் ஒவ்வொரு கேஸுக்கும் கணக்கு உண்டு. வந்ததும் போனதும் கழித்ததும் டாலியாக வேண்டும். கழிவுப் பெட்டி நிரம்பிக்கொண்டே வந்தது. சார்ஜ்மேன் வந்து பார்த்தார். பிரஸ்ஸைப் பார்க்கவில்லை, பெரியப்பாவின் கையைப் பார்த்தார். கைக்கோளாறு என்றார். கவனக்குறைவு என்று மெமோ வந்தது. அது இந்தியில் இருந்தது. பக்கத்து செக்ஷனில் இருந்த ஒரு மராட்டியத் தோழர்தான் படித்துச் சொன்னார். அவரும் நம்மாள், பௌத்தர். மெமோவில் இல்லாததையும் அவர் சொன்னார். இந்த ஆளுங்களுக்கு மெஷின் கொடுத்தால் இப்படித்தான், தூக்குகிற வேலையில் விட்டிருக்க வேண்டும் என்று ஆபீஸில் பேச்சு நடந்ததாம். இடஒதுக்கீட்டில் வந்தவன் என்பதை மட்டும் யாரும் மறப்பதே இல்லை.

கோபம் வந்ததா என்று கேட்டேன். 'கோவம் வந்து இன்னா பண்றது. எனக்கு எங்க அடிபடுதுன்னு தெரியணும், அவ்ளோதான்' என்றார்.

அவர் செய்தது இது. கழித்துப் போட்ட கேஸ்களை அள்ளிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, எல்லாம் கலந்து கிடக்கும். அதனால் புதுக் கேஸாக இருபது எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றையும் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பார்த்தார். கோணல் கேஸ் உருளும்போது தலையாட்டும். வாயில் பிசிறு இருக்கிறதா என்று நகத்தால் தடவினார். நல்லது என்று தெரிந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டார். முதலில் இதைச் செய்யாவிட்டால் கேஸ்தான் கெட்ட கேஸ் என்று பிறகு யாராவது சொல்லிவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகப் பிளேட்டில் வைத்தார். பிளேட் சுற்றி வரும்போது எந்தப் பக்கம் பின்னால் வருகிறதோ அந்தப் பக்கத்தில் நீலப் பென்சிலால் கோடு. மெதுவாகக் கைப்பிடியை இழுத்தார்.

நசுங்கியதெல்லாம் நீலக் கோட்டின் மேலேயே நசுங்கியிருந்தது.

இதில்தான் விசயம் இருக்கிறது. அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். 'என் கையில தப்புன்னா இன்னா ஆவும்? நான் கேஸ முழுசா உள்ள தள்ளியிருக்க மாட்டேன். அது பள்ளத்துல உக்காராம வெளிய துருத்திக்கினு நிக்கும். அப்ப அடி வெளிப்பக்கமாத்தான் விழணும். கேஸுல தப்புன்னா ஒண்ணு இங்க விழும் ஒண்ணு அங்க விழும், ஒழுங்கே இருக்காது. டை சென்டர் அவுட்டா இருந்தா வர்ற கேஸு அத்தனையும் அடிபடணும், நூத்துக்குப் பத்துன்னு கணக்கு வராது. இது சில கேஸுதான் அடிபடுது, ஆனா பட்டா ஒரே பக்கம்தான் படுது, அதுவும் பின்னால வர்ற பக்கம். அப்டின்னா பிளேட்டு சில தபா முழுசா வந்து சேராம நின்னுடுது.'

பிளேட்டின் நடு போல்ட்டைக் கழற்றினார். அடியில் பித்தளைத் தூளும் கேப்பின் கரியும் சிந்திய மருந்தும் மழைக்கால ஈரத்தில் களிம்பாக இறுகிக் கிடந்தன. பிளேட்டைப் படிக்குப் படி நிறுத்துவதற்கு அடியில் ஒரு சின்ன எஃகுக் குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும், குண்டு குழியில் விழுந்தால் டக்கென்று நிற்கும். ஸ்பிரிங் தளர்ந்து, குண்டு அழுக்கில் சிக்கி, குழி வரைக்கும் போகாமல் விளிம்பிலேயே நின்றது. இது போதாதென்று யாரோ நடு போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கியிருந்தார்கள். இறுக்கினால் ஆட்டம் நின்றுவிடும் என்று நினைத்திருப்பார்கள். இறுக்கினால் பிளேட் இழுபடும், தளர்த்தினால் சாயும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அது விரலுக்குத்தான் தெரியும். துடைத்து, ஸ்பிரிங் மாற்றி, போல்ட்டைப் பாதிச் சுற்று தளர்த்தினார். அதோடு டைகளையும் சரிபார்த்தார். லாக் நட்டைத் தளர்த்திவிட்டு, ஒரு நல்ல கேஸை டைக்குள் ஏற்றி, கேஸ் உள்ளே இருக்கும்போதே நட்டை முறுக்கினார். அப்போது டை தானே கேஸுக்கு நேராக வந்து உட்கார்ந்துகொள்ளும். வெறும் டையை முறுக்கினால் மரை எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

அன்று மாலை நூறு கேஸ் ஏற்றினார். ஒன்றுகூட நசுங்கவில்லை.

நீலக் கோடு போட்ட கேஸ்களை வரிசையாக மேசையில் வைத்துச் சார்ஜ்மேனுக்குக் காட்டியிருக்கிறார். சார்ஜ்மேன் பார்த்தார். புரியாதவர் இல்லை அவர், வேலை தெரிந்தவர்தான். மறுநாள் எல்லா பிரஸ்ஸிலும் வாரம் ஒரு முறை பிளேட்டைக் கழற்றித் துடைக்க வேண்டும் என்று உத்தரவு ஒட்டினார்கள். மெமோவைத் திரும்ப வாங்கவில்லை. ஃபைலில் இருந்தது, ஆறு மாத இன்கிரிமெண்ட் தள்ளிப்போனது. செப்டம்பர் 17 விஸ்வகர்மா பூஜை அன்று அந்த பிரஸ்ஸுக்குக் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தபோது, வருசம் முழுக்க அதைத் தொட்டவர் வெளியே வராந்தாவில் நின்றார். யாரும் நிற்கச் சொல்லவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

செக்ஷனில் தண்ணீர்க் குடம் ஒன்றுதான். ஆனால் டம்ளர்? அவரவர் டம்ளர் அவரவர் கொண்டுவர வேண்டும் என்று ஒரு பழக்கம், சுத்தத்துக்காக என்றார்களாம். பெரியப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான்தான் சிரிக்கவில்லை. டம்டம் கலாசியின் கதையை அப்போதுதான் சொன்னேன்.

அவர் முதலில் கேட்டது தொழில் கேள்வி. அந்தக் காலத்துத் தோட்டாவைக் கடிப்பானேன்? நானும் அதற்குள் படித்து வைத்திருந்தேன். என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் 0.577 அங்குலம், உள்ளே மூன்று வரிப்பள்ளம். அன்றைய தோட்டாவுக்குப் பித்தளைக் கூடு கிடையாது, காகிதச் சுருள்தான். ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் குண்டு. சிப்பாய் மருந்துப் பக்கத்து நுனியைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலின் வாய் வழியே கொட்டி, சுருளைத் திருப்பி, குண்டைக் காகிதத்தோடு உள்ளே வைத்துக் கம்பியால் இடிப்பான். குண்டு வழுக்கிக்கொண்டு இறங்குவதற்குத்தான் காகிதத்தின் மேல் கொழுப்பு. பெரியப்பா யோசித்தார். 'கூடு இல்லாத குண்டு எப்டி நேரா நிக்கும்? காயிதம்தான் நிறுத்தணும். அப்ப காயிதம் சுத்துறவன் கைதான் அலைன்மெண்ட்டு.' இதை எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. காகிதத்தை ஒரு சுற்று கூடச் சுற்றினால் குண்டு குழலில் இறங்காது, குறைத்தால் ஆடும். ஒரு பேரரசின் குறி தப்பாமல் இருந்தது கூலிக்காரனின் விரலில்.

பிறகு பித்தளை வந்தது. 1866-இல் ஸ்னைடர் துப்பாக்கிக்கு எட்வர்ட் பாக்சர் என்ற அதிகாரி பித்தளைத் தகட்டைச் சுருட்டிய தோட்டாவைக் கொண்டுவந்தார். பின்பக்கமாகப் போட்டு மூடிச் சுட்டால் போதும், கடிக்க வேண்டிய வேலையே இல்லை. பாக்சரின் கேப்புக்கு அடியில் நடுவில் ஒரே துளை. அதே காலத்தில் அமெரிக்கர் பெர்டான் செய்த கேப்புக்கு இரண்டு துளை, நடுவில் இல்லை, ஓரத்தில். இதில் ஒரு வேடிக்கை. வெள்ளைக்காரனின் பாக்சர் இன்று அமெரிக்காவில் ஓடுகிறது, அமெரிக்கரின் பெர்டான் ஐரோப்பாவில் பரவியது. காலிக் கேஸை மறுபடி ஏற்றுகிறவர்களுக்குப் பாக்சர்தான் வசதி, நடுத்துளை வழியே ஊசியை விட்டுப் பழைய கேப்பைத் தள்ளிவிடலாம். தெரியாமல் பெர்டான் கேஸை வைத்து இழுத்தால் ஊசி உடையும், இல்லையென்றால் வளையும். வளைந்த ஊசி அடுத்த கேஸையும் கோணலாக இழுக்கும். கேஸ் சரியில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் ஊசியைப் பார்ப்பதில்லை என்றார் பெரியப்பா.

கொழுப்புக்கு வருவோம். பசுக் கொழுப்பு உண்மையிலேயே இருந்ததா இல்லையா என்று இன்றுவரை சண்டை. கொழுப்பு வாங்கும்போது எந்த மிருகத்துக் கொழுப்பு என்று யாரும் தனியாகக் கவனம் எடுத்துப் பார்க்கவில்லை என்பதுதான் அரசாங்க விசாரணையில் தெரிந்தது. 1853-லேயே கர்னல் டக்கர் என்பவர், சாதிக்கு இடைஞ்சலில்லாத கொழுப்பு என்று தெரிந்தால் ஒழியச் சிப்பாய்களுக்குக் கொடுக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லை. எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அந்தக் கொழுப்பைச் செத்த மாட்டிலிருந்து எடுத்துக் காய்ச்சியவர்களிடம் யாராவது கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல்ஷாப்புகளில் வேலை பார்க்கிற நம் ஆட்களுக்கு எந்தத் தோல் எந்த மாட்டுத் தோல் என்று தொட்டாலே தெரியும். அறிவு இருந்தது. அதைக் கேட்க ஆளில்லை.

நம் வேலூரில் 51 வருசத்துக்கு முன்பே இதே நாடகம் நடந்திருக்கிறது. 1806 ஜூலை 10. புதிய தலைப்பாகை, அதில் தோலில் செய்த கொண்டை. நெற்றியில் சாதிக்குறி கூடாது, தாடி கூடாது. தோல் பசுத்தோலா பன்றித்தோலா என்று சிப்பாய்கள் கொதித்தார்கள், கோட்டையில் ரத்தம் ஓடியது. வேலூரில் அதற்கு நினைவுத்தூண் இருக்கிறது. அந்தத் தோலைப் பதனிட்டவர்களின் சேரியும் எங்கேயோ இருந்திருக்கும். அதற்குத் தூண் இல்லை, அதை நான் புகாராகக்கூடச் சொல்லவில்லை. எதிரியிடமிருந்து தோலும் கொழுப்பும் வந்தால் தீட்டு என்று எழுந்தவர்கள், தோலும் கொழுப்பும் தொடுகிற தன் ஊர்க்காரனிடம் என்ன உறவு வைத்திருந்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

வடக்கே தலித் சிறுநூல்களிலும் மேடைகளிலும் அந்தக் கலாசிக்குப் பெயர் உண்டு. மாதாதீன் பங்கி. மங்கள் பாண்டேவுக்குக் கண்ணைத் திறந்துவிட்டவர், 1857-இன் உண்மையான முதல் பொறி என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். அவர் படத்தை வைத்து மாலை போடுகிறார்கள். எனக்கு இதில் பாதிச் சம்மதம்தான். பெயரில்லாதவனுக்குப் பெயர் வைப்பது நியாயம். அவனை மங்கள் பாண்டேவின் வரிசையில் நிறுத்துவதுதான் உறுத்துகிறது. 1909-இல் சாவர்க்கர் 1857-ஐ முதல் சுதந்திரப் போர் என்று எழுதிவிட்ட பிறகு, நாமும் அந்தப் பட்டியலில் இடம் கேட்கிறோம். அந்தக் கலாசி வெள்ளைக்காரனை எதிர்த்துப் பேசவில்லை. தேசத்துக்காகப் பேசவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் தராதவனின் முகத்தைப் பார்த்து, உன் சாதி ஒரு வாய்க் கொழுப்பில் போய்விடும் என்றான். அது தீண்டாமைக்குச் சொன்ன பதில். அந்தப் பதிலைக் கேட்டுச் சிப்பாய் பதறியது சாதி போய்விடுமே என்றுதான். இரண்டையும் ஒரே போராட்டத்தில் சேர்த்துவிட்டால் கலாசியின் வார்த்தையை மறுபடி சிப்பாயின் வாய்க்குக் கொடுத்தவர்களாவோம். தோழர்கள் இதில் மாறுபடலாம், பேசுவோம்.

2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். பெரியப்பாவுக்கு அதற்கு முன்பே பென்சன் வந்துவிட்டது. ஆனாலும் செய்தி வந்த அன்று பேப்பரை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கம்பெனி ஆகிவிட்டால் ரிசர்வேசன் என்ன ஆகும், நம் பிள்ளைகள் எந்த வாசல் வழியாக உள்ளே போவார்கள் என்றுதான் கேட்டார். மெமோவைப் பற்றி நான்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவருக்கு அதில் அக்கறை போய்விட்டது. நீலக் கோடு போட்ட கேஸ்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் கை தானாக மேலே வந்து இல்லாத கைப்பிடியை இழுக்கும்.

கலாசியின் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் ஒரு பீடியைப் பற்றவைத்தார். பெயர் கடிதத்தில் இல்லை என்று நான் சொன்னதை அவரால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

'அதெப்டி நைனா பேர் இல்லாம பூடும்? அந்தக் கேப்டன் எழுதல, சரி. கெடங்குல வேலைக்கி வச்சிகினு இருந்தான் இல்ல? கூலி குடுக்கணும் இல்ல? மஸ்டர் ரோலு இருக்கும், அதுல ரேகை வச்சிருப்பான். ஜனவரி மாசத்து மஸ்டர் ரோலு எங்க கீதுன்னு யாராச்சும் கேட்டாங்களா?'